பெயர் சொல்லாத வரவேற்பு

வெளியுறவு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குத் தூதரகம் என்றால் கட்டடமும் கொடிக்கம்பமும் வாசலில் ஒரு போலீஸ்காரரும்தான் ஞாபகத்துக்கு வரும். நான் முதன்முதலில் சம்பளம் வாங்கிய தூதர் அலுவலகத்துக்கு நாடே கிடையாது. யுத்தத்தில் எதிரி அந்தச் சின்ன நாட்டைப் பிடித்துச் சில வருஷம் ஆகியிருந்தது. அதன் அரசாங்கம் தப்பி ஓடி லண்டனில் யாரோ இரவல் கொடுத்த வீட்டில் குடியிருந்தது. மந்திரிகள் இருந்தார்கள், முத்திரை இருந்தது, ஆள்வதற்கு ஒரு கெஜம் மண் இல்லை. தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜெண்டின் மாடி அறையில் அவர்களுடைய கான்சல் உட்கார்ந்திருந்தார். டைப் அடிக்கவும் மொழிபெயர்க்கவும் அங்கே இருந்த ஒரே ஆள் நான். பாளையங்கோட்டையில் படிப்பை முடித்த கையோடு வந்தவள். ஒரு பெண் இந்த வேலைக்கா என்று கேட்காதவர் ஊரில் இல்லை.

அந்த நாட்டின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. இப்போது சொன்னால் யாருக்கும் ஒன்றும் ஆகாது, தெரியும். ஆனாலும் நாக்கு வரமாட்டேன் என்கிறது. ஏன் என்பது போகப்போகப் புரியும்.

ஒருநாள் லண்டனிலிருந்து ஓர் அதிகாரி வந்து இறங்கினார். பாஸ்போர்ட்டில் பீட்டர் என்று இருந்தது. அது அவர் பெயரில்லை. கான்சல் என்னைத் தனியாக அழைத்து விஷயத்தைச் சொன்னார். இவருடைய அம்மாவும் தங்கையும் எதிரி பிடித்துவைத்திருக்கும் ஊரிலேயே மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். மகன் எங்கோ செத்துப்போய்விட்டான் என்று அக்கம்பக்கத்தில் பேச்சு. அந்தப் பேச்சுதான் அவர்களைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. மகன் உயிரோடு லண்டன் அரசாங்கத்துக்கு வேலை செய்கிறான் என்று தெரிந்தால் மறுநாளே எதிரியின் ஆட்கள் அவர்களைக் கூட்டிப்போய்விடுவார்கள். இன்னொரு குமாஸ்தாவின் பெயர் ஒரு பத்திரிகையில் வந்ததற்கு, அவருடைய அப்பாவைக் கூட்டிப்போனார்கள். போனவர் திரும்பவில்லை. இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கான்சல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பீட்டர் வந்த காரியம் கட்டுத்துணி. காயத்துக்குக் கட்டுகிற துணி. ராஜபாளையத்துப் பக்கம் அதைத்தான் தறி தறியாக நெய்தார்கள். பட்டாளத்துக்குக் கொடுத்ததுபோக மிச்சத்தை யாருக்கு விற்பது என்பது நெசவாளர் சங்கத்தின் இஷ்டம். பிரிட்டிஷ் சப்ளை அதிகாரி, ‘உங்களுக்கு வேண்டியதை நாங்களே வாங்கித் தருகிறோம்’ என்று சொல்லியிருந்தார். நல்ல மனசுதான். ஆனால் லண்டனில் இருந்த அந்தச் சின்ன அரசாங்கம் சம்மதிக்கவில்லை. தன் சிப்பாயின் காயத்துக்குத் துணிகூடத் தன் பெயரில் வாங்க முடியாவிட்டால், யுத்தம் முடிந்தபின் சமாதானம் பேசும் பெரிய மேஜையில் நாற்காலி யார் போடுவார்கள்? ரசீதில் தங்கள் முத்திரை விழவேண்டும், அவ்வளவுதான் கேட்டார்கள். பெரிய நாட்டில் வேலை பார்க்கப்போகும் உங்களுக்கு இது அற்பமாகத் தெரியும். அப்படித் தெரிகிறவரை சின்ன நாட்டுக்காரனோடு பேசப் போகாதீர்கள்.

ராஜபாளையத்தில் சங்கத் தலைவர் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. தலைவர் தெலுங்கு பேசும் ராஜுக் குடும்பம். வெளியாட்களிடம் நம் தமிழ்தான் பேசுவார்கள். அவர் மனைவி சீதம்மா கூடத்தில் நின்று பரிமாறச் சொல்லிக்கொண்டிருந்தார். கூடத்து மூலையில் பூப்போட்ட துணி போர்த்திய ரேடியோப் பெட்டி ஒன்று இருந்தது. நான் அதைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு என் காதருகே குனிந்தார்.

“என் தம்பி பட்டாளத்துல மலாயாவுக்குப் போனவன்மா. பிடிபட்டுட்டான்னாக. பொறவு தகவலே இல்ல. எதிரி ரேடியோவுல சாயந்தரம் கைதிக பேரு வாசிப்பான். அதுக்காகக் கேக்கேன். வெளிய தெரிஞ்சா போலீஸு வந்துரும்.”

“தமிழிலேயே வாசிக்கிறானா?”

“தமிழ்லதான். கைதிக பேரு முடிஞ்சதும் நம்ம பேப்பர்ல வந்த சேதியையெல்லாம் எடுத்து வச்சுக் கேலி பண்ணுவான். நம்ம ஊருச் சேதியெல்லாம் அவனுக்கு எப்படித்தான் போகுதோ.”

மலாயாவைப் பிடித்தவனும் பீட்டரின் நாட்டைப் பிடித்தவனும் ஒரே அணி; இவன் காதுக்கு வந்தது அவன் காதுக்கும் போகும்.

பந்தியில் பீட்டருக்கு எதிரே சுப்பையா என்றொருவர் உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். சென்னைப் பத்திரிகை ஒன்றுக்குப் பகுதிநேர நிருபர். மறுநாள் சாயந்தரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் பீட்டருக்குப் பொது வரவேற்பு. அதில் வாசித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுக்கவேண்டிய வரவேற்புப் பத்திரத்தை எழுதுகிற பொறுப்பும் அவருடையது. அந்தக் காலத்தில் கலெக்டர் வந்தாலும் பத்திரம், மிஷன் டாக்டர் வந்தாலும் பத்திரம். வந்தவர் யார் பெற்ற பிள்ளை, எந்த மண்ணில் பிறந்தவர் என்று சொல்லாமல் அதை ஆரம்பிக்கவே மாட்டார்கள்.

சீதம்மா பீட்டருக்கு மோர் ஊற்றச் சொல்லிவிட்டு, நம் பக்கத்தில் எல்லாரும் எல்லாரையும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

“தொரைக்கு அம்மா இருக்காகளா?”

நான் மொழிபெயர்த்தேன். அந்த மனிதர் கையை இலையிலிருந்து எடுத்துவிட்டார். பேரம் பேச வந்தவரிடம் துணியைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள், கப்பலைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அம்மாவைப் பற்றி யாரும் கேட்டதில்லை. மடை திறந்ததுபோல் இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்தார். அம்மாவின் பெயர், ஊரின் பெயர், ஆற்றுப்பாலம், பாலத்துக்கு அடுத்த மருந்துக்கடை, அதன் மாடியில் அம்மா குழந்தைகளுக்குப் பியானோ சொல்லித்தருவது, தங்கைக்குத் திக்குவாய் என்பது வரைக்கும். இருமினேன். தம்ளரை உருட்டினேன். அவர் நிறுத்தவில்லை.

தமிழில் சொல்லும்போது நான் பெயர்களை விழுங்கிவிட்டேன். “அம்மா இருக்கிறார்களாம், பாட்டு வாத்தியாராம்” என்று மட்டும் சொன்னேன்.

“மிஸ், நெறைய விட்டுட்டீக” என்றார் சுப்பையா, ரொம்ப மரியாதையாக. பிறகு நான் விட்டதையெல்லாம் ஒன்று பாக்கியில்லாமல் சபைக்கு எடுத்துக் கொடுத்தார். பெயரின் உச்சரிப்பைப் பீட்டரிடமே இருமுறை கேட்டுச் சரிபார்த்தார். எல்லாரும் ‘ச்சு, பாவம்’ என்றார்கள். சாப்பாடு முடிந்ததும் சுப்பையா கைகழுவிவிட்டு அவசரமாகக் கிளம்பிப்போனார்.

தங்கியிருந்த பங்களாவுக்கு வந்தபின்தான் பீட்டருக்கு உறைத்தது. நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அந்த மனிதர் நிருபரா?” என்றார்.

“ஆமாம்.”

“நான் என் அம்மாவைக் காட்டிக்கொடுத்துவிட்டேனா?”

பதிலுக்குக் காத்திராமல் அவரே எழுந்து, ஸ்ரீவில்லிபுத்தூர் போலீஸிடம் போகலாம், யுத்தகாலத் தணிக்கைச் சட்டம் இருக்கிறதே, அந்த நிருபரைத் தடுத்துவைத்து எழுதியதைப் பிடுங்கட்டும் என்றார். கேட்கச் சரியாகத்தான் இருந்தது. நானும் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

வாசல்வரை போய்த்தான் நின்றேன். போலீஸுக்குப் போனால் என்ன ஆகும்? சுப்பையா முந்தின வருஷம்தான் கள்ளுக்கடை மறியல் ஊர்வலம் என்று உள்ளே போய் வந்தவர். இன்ஸ்பெக்டர் அவரை உதைக்காமல் விடமாட்டார். சோறு போட்ட ஊரில் வாத்தியாரை உதைக்கவைத்தவர் என்று பீட்டரின் பெயர் நாறும், துணி போய்விடும். அதுகூடப் பரவாயில்லை. எதற்கு உதை என்று ஊர் கேட்கும். அந்தப் பெயருக்காக என்று பதில் வரும். சும்மா கிடந்த பெயரை அப்புறம் ஊரே மனப்பாடம் பண்ணும். போலீஸ் ஃபைலில் ஏறும், அங்கிருந்து எத்தனை கை மாறுமோ. ரகசியத்தைக் காப்பாற்றச் சத்தம் போட்டுக்கொண்டு ஓடக்கூடாது. பயத்தோடு அதை யோசிப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கும் ஒருநாள் தெரியும்.

ஊருக்கெல்லாம் சொல்ல முடியாது. யாருக்கும் சொல்லாமலும் முடியாது. ஒரே ஒருவரிடம் சொல்லவேண்டும், அது யார்? தலைவர் நல்லவர், ஆனால் அவருக்குத் தெரிந்தால் சங்கத்துக்குத் தெரிந்தமாதிரி. நான் நேரே சீதம்மாவிடம் போனேன். சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

“நாந்தானே கேட்டேன்” என்றார். “அம்மா இருக்காகளான்னு நாந்தானே கேட்டேன்.”

“நீங்கள் நல்லதுக்குத்தானே கேட்டீர்கள்.”

“என் தம்பி எங்க கெடக்கான்னு தெரியல. இன்னொருத்தி பெத்த புள்ளைய நான் மாட்டிவுட்டுட்டேனேம்மா.” முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அழுது முடித்ததும் ஆளே மாறிவிட்டார். கூடத்துக்குப் போய்க் கணவரிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். திரும்பி வந்து, “நாளைக்கு வெள்ளிக்கெழம. ஆண்டாள் சன்னதிக்குப் போறேன்னுட்டேன். வெடியவும் வண்டி வரும். நீயும் வா. சுப்பையா பத்திரத்தை அச்சுக்குக் குடுக்க வில்லிபுத்தூருக்குத்தான் போயிருக்கான்” என்றார்.

வில்வண்டியில் போனோம். பீட்டர் வரவில்லை, அவர் வந்தால் வழியெல்லாம் வேடிக்கை பார்ப்பார்கள். எங்களை முந்திக்கொண்டு, யுத்தகாலப் பெட்ரோல் பஞ்சத்தில் கரிப்புகையில் ஓடும் பஸ் ஒன்று இருமிக்கொண்டே போனது. அதில் சுப்பையாவின் செய்தி பத்திரிகைக்குப் போகுமோ என்று எனக்குத் தோன்றியது. அதற்கப்புறம் எதிரே வந்த தபால்காரர், சைக்கிள்காரர் எல்லாரையும் பார்த்துப் பயந்தேன். சீதம்மா வழிநெடுக ஒரு வார்த்தை பேசவில்லை.

அச்சாபீஸில் எழுத்துக் கோத்து முடித்திருந்தார்கள். சுப்பையா ஈரம் காயாத புரூஃபைப் பெருமையாக நீட்டினார். படித்தேன். ‘...நதிதீரத்துப் பாலத்தை அடுத்த மருந்தகத்தின் மேன்மாடத்தில் இன்றளவும் இசை பயிற்றிவரும் அன்னை இன்னார் அம்மையாரின் மணிவயிற்றில் உதித்த...’ என்று போனது. இன்னார் என்று நான்தான் சொல்கிறேன். அதில் பெயர் முழுசாக இருந்தது. வீட்டைத் தேடிப்போகிறவனுக்கு இதைவிட நன்றாக யாரும் வழி சொல்ல முடியாது. சுப்பையா அதை அன்பாலேயே எழுதியிருந்தார். அதுதான் எனக்கு மேலும் பயத்தைக் கொடுத்தது.

சீதம்மா வாசற்படியிலேயே நின்று பேசினார்.

“ஏம்ப்பா சுப்பையா, அந்தத் தாய் பேரையும் ஊர் பேரையும் எடுத்துரு.”

“ஏங்கம்மா? அதுதானே பத்திரத்துக்கே அழகு?”

“அவிய வழக்கத்துல ஆகாதாம். சண்டைக்குப் போன ஆம்பள ஊரு திரும்புற வரைக்கும் தாய் பேரையும் ஊர் பேரையும் சபையில சொல்லக் கூடாதாம். நேத்து ஏதோ வருத்தத்துல சொல்லிப்புட்டு, ராத்திரியெல்லாம் அந்த மனுசன் ஒரே பொலப்பம்.”

நான் திகைத்துப்போனேன். வண்டியில் வரும்போது அவர் யோசித்துக்கொண்டிருந்தது இதைத்தான். சுப்பையா நெற்றியைச் சுருக்கினார்.

“சரித்திரமெல்லாம் படிச்சிருக்கேன். இப்படி ஒரு வழக்கத்தை நான் எங்கயும் படிக்கலயே.”

“உம் பொண்டாட்டி உம் பேரைச் சொல்லுவாளா?”

“எப்படிம்மா சொல்லுவா?”

“ஏன் சொல்ல மாட்டேங்கான்னு புஸ்தகத்துல பாத்தா தெரிஞ்சுக்கிட்ட?”

அச்சுக்கோப்பவர் சிரித்துவிட்டார். சுப்பையாவும் சிரித்தார். பெயர் சொல்லக்கூடாது என்றால் நம் பக்கத்தில் அதற்கு மேல் யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். கேட்டால்தான் தப்பு. அந்த வரிகளை அங்கேயே பிரித்து, எழுத்துகளைப் பெட்டியில் போடச் செய்தார். எனக்கு உயிர் வந்தது.

“ஆனா ஒண்ணு” என்றார் சுப்பையா. “இன்னைக்கு நடக்கப்போற கூட்டத்துச் சேதியோட பத்திரத்து வாசகத்தையும் எழுதி நேத்துச் சாயந்தர ரயில்லயே சென்னைக்கு அனுப்பிட்டேன். இப்ப போய்ச் சேந்திருக்கும்.”

வந்த உயிர் போய்விட்டது. தந்தி அடிக்கலாம் என்றார் அவர். ‘தாய் பெயர், ஊர் பெயர் நீக்கவும்’ என்று வாசகமும் சொன்னார். வேண்டாம் என்றேன். யுத்தகாலத்தில் தந்தியை எத்தனை கண்கள் படிக்கும்? ஒரு பெயரை நீக்கச் சொன்னால் எந்தப் பெயர் என்றுதான் முதலில் தேடுவார்கள். வேறு மாதிரி அடிக்கச் சொன்னேன்: ‘முதல் செய்தி பிழையானது. நிறுத்தவும். திருத்திய செய்தி வருகிறது.’ நிருபர் தப்பு பண்ணினார் என்று ஆகும், அவ்வளவுதான். அவருக்கு அது மானக்கேடு. பத்திரிகைக்காரர்கள் திட்டுவார்கள். கொஞ்சம் முறைத்துவிட்டு, “அந்தாளு மனசு கஷ்டப்படக் கூடாது, சரி” என்று தன் கைப்பட எழுதிக் கொடுத்தார். ஏன் என்று கடைசிவரை அவருக்குத் தெரியாது. அவரைப்போல் ஒரு மனிதரிடம் பொய் சொல்லிக் காரியம் சாதித்தது எனக்கு இன்றும் சங்கடம்தான். அதற்காக வேறு மாதிரி செய்திருப்பேன் என்று சொல்லமாட்டேன்.

சாயந்தரம் வரவேற்பு தடபுடலாக நடந்தது. ‘தம் நாட்டு மரபுக்கிணங்க ஊரையும் ஈன்ற தாயையும் பெயர் சொல்லாத பெருமகனார்’ என்று சுப்பையா புது வாசகத்தை வாசித்தார். அவரே சேர்த்த அலங்காரம் அது. கூட்டம் கை தட்டியது. பீட்டர் மாலையோடு எழுந்து கும்பிட்டார். அவர் கழுத்தில் வியர்வை ஓடுவது பின்னால் நின்ற எனக்குத்தான் தெரிந்தது.

துணி கிடைத்தது. ரசீதில் அவர்கள் முத்திரை விழுந்தது. எங்கள் பக்கம் வந்த பத்திரிகையிலும் திருத்திய செய்திதான் இருந்தது. ஆனால் சென்னையில் விற்ற பதிப்பில் எது வந்தது? தந்தி போவதற்குள் அங்கே யார் யார் படித்தார்கள்? தூத்துக்குடி மாடியில் பீட்டர் ஜன்னலோரம் நின்றுகொண்டே இருந்தார். கேட்டதற்குப் பதில் சொல்வார், அவ்வளவுதான். கான்சல் அவரிடம் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் தேவலை.

துணிக்கட்டுகளை ஏற்றிவிட மறுபடியும் ராஜபாளையம் போனோம். விளக்கு வைக்கும் நேரத்துக்குத் தலைவர் வீட்டில் இருந்தோம். சீதம்மா ஜன்னல்களைச் சாத்திவிட்டு ரேடியோவின் துணியை எடுத்தார். நாங்கள் வெளியே போகிறோம் என்றேன். இருங்கள் என்று கையமர்த்தினார்.

கைதிகளின் பெயர்கள் வந்தன. சீதம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அவர் தம்பி பெயர் இல்லை. பெயர்கள் முடிந்து செய்தி ஆரம்பித்தது. நல்ல தமிழ், சுத்தமான உச்சரிப்பு. திடீரென்று ராஜபாளையம் என்றது குரல். தலைவர் கையிலிருந்த வெற்றிலை அப்படியே நின்றது.

‘ராஜபாளையத்தில் கட்டுத்துணி பிச்சை கேட்டு ஒரு தூதன் வந்திருக்கிறான். நாடு இல்லாத அரசாங்கத்துக்கு ஊர் இல்லாத தூதன். எந்த ஊர் என்றால் அவனுக்குத் தெரியாது. தாய் யார் என்றால் அதுவும் தெரியாது.’ குரல் சிரித்தது. பிறகு வேறு செய்திக்குப் போனது.

தமிழில் ஒருவனைப் பார்த்துச் சொல்லக்கூடாத வசவு அது. தலைவர் தலையைக் குனிந்துகொண்டார். சீதம்மா சட்டென்று பெட்டியை நிறுத்தினார். விருந்தாளியின் முகத்தை யாராலும் பார்க்க முடியவில்லை. பீட்டருக்கு ராஜபாளையம் என்ற சொல் ஒன்றுதான் புரிந்திருந்தது. எங்கள் முகங்களைப் பார்த்து அவராக முடிவுகட்டிவிட்டார். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“பெயரைச் சொல்லிவிட்டானா?” என்றார்.

பந்தியில் செய்ததுபோல் இப்போது எதையும் விழுங்கக்கூடாது என்று எனக்குத் தோன்றியது. வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்த்தேன். நாடு இல்லாத அரசாங்கம். ஊர் தெரியாதவன். தாய் யார் என்று தெரியாதவன்.

அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“அவ்வளவுதானா? வேறு ஒன்றும் சொல்லவில்லையே?”

“அவ்வளவுதான். திருத்திய வாசகம்தான் அவனுக்குப் போயிருக்கிறது.”

“அம்மாவைப் பற்றி அவன் சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்கள்” என்றார்.

சொன்னேன்.